கருவி கை மாறட்டும்: நெல்லைப் பக்கம் ஓர் இளைஞர் பாட்டுக் குழுவை எப்படிக் கட்டுவது

திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடை விழா நாளில் ஒரு ஊருக்குள் போனால், எந்தத் தெரு யாருடையது என்று ஸ்பீக்கரே சொல்லிவிடும். பம்பை ஒன்றுதான், உறுமி ஒன்றுதான், மெட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். பாட்டுக்குள் வரும் பெயர் மட்டும் தெருவுக்குத் தெரு மாறும். அந்தப் பாட்டைப் போனில் ரீல்ஸாக வெட்டிப் போடுகிறவன் பதினாறு, பதினேழு வயதுப் பையன். வகுப்பில் பக்கத்துப் பையனின் சாதியைக் காட்டும் கைக்கயிறு என்ன நிறம் என்று பார்த்துவிட்டு உட்காருகிறவனும் அவனே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை இந்த வண்ணக் கயிறுகளைப் பற்றியும் பேசியது.

இசை மனிதர்களைச் சேர்த்து வைக்கும் என்று மேடையில் எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே மனிதர்களைப் பிரித்து வைப்பதற்கும் அதே இசைதான் பயன்படுகிறது. ஆகவே, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பாட்டு வழியாக மேலே கொண்டுவர நினைக்கிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது: என்ன பாட்டு என்பது இரண்டாவது கேள்வி. யார் யாரோடு உட்கார்ந்து, யார் கையில் எந்தக் கருவியை வைத்துக்கொண்டு அதைச் செய்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் தாளம், மைக், காப்புரிமை எல்லாமே அந்தக் கேள்விக்குக் கீழேதான் வரும்.

சாஸ்திரிய இசை கற்றுக்கொடுத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். தாராளமாக ஆகும். மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவு, மூன்று வருடப் படிப்பு, 12 முதல் 25 வயது வரை சேரலாம். விருப்பமுள்ள பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட வேண்டிய இடம் அது. ஆனால் முக்கூடலில் அம்மாவோடு பீடி சுற்றிக்கொண்டே போனில் ராப் கேட்கிற பெண்ணுக்கும், ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோய்ச் செங்கல் சூளைக்குப் போகிற பையனுக்கும் மூன்று வருடப் பொறுமையை முதல் நாளே கேட்க முடியாது. வந்த அன்றே, வீட்டுக்குப் போகுமுன், தான் செய்த ஏதோ ஒன்று காதில் கேட்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே தெரிந்த இசை வேண்டும்.

இந்த வழி புதிதும் அல்ல. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு ஓட்டினார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கிற சில வினாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஹிப் ஹாப் அங்கிருந்து வளர்ந்தது. கையில் இருந்ததைக் கொண்டே செய்தார்கள் என்பதுதான் நமக்கு அதில் வேண்டிய பாடம். சென்னையில் 2017இல் உருவான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. நம் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு வடசென்னைப் பேச்சில் எழுத ஆரம்பிப்பார்கள். குறை சொல்ல வேண்டாம், எல்லோரும் நகல் எடுத்துத்தான் தொடங்குகிறார்கள். ஆனால் கானா பிறந்த மண் வேறு. இங்கே நமக்கு நையாண்டி மேளமும் வில்லும் கணியான் கூத்தில் கொட்டுகிற மகுடமும் இருக்கின்றன.

இடம், நேரம், ஆள்

குழுவுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வயது 13 முதல் 19. குறைந்தது மூன்று தெருக்களிலிருந்து ஆள் இருக்க வேண்டும். இரண்டே தெரு என்றால் முதல் சண்டையிலேயே குழு சரிபாதியாகப் பிரிந்துவிடும். மூன்றாவது தெரு இருந்தால் சமாதானத்துக்கு ஆள் கிடைக்கும்.

இடம் பார்ப்பதுதான் நெல்லைப் பக்கத்தில் மிகவும் கஷ்டமான காரியம். கோயில் மண்டபமோ சமுதாயக் கூடமோ சர்ச் ஹாலோ, எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரக் கூட்டம் உண்டு. “நம்ம மண்டபத்துல சும்மாவே நடத்திக்கிடுங்க அண்ணாச்சி” என்று அன்பாகத்தான் சொல்வார்கள். ஏற்றுக்கொண்டால் மறுவாரமே இரண்டு தெருப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அரசுப் பள்ளி வகுப்பறை, ஊர்ப்புற நூலகம், ஊராட்சியின் சேவை மையக் கட்டடம், இந்த மூன்றில் ஒன்றைத் தலைமையாசிரியரிடமோ தலைவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பிடிக்க வேண்டும். வாய்மொழி அனுமதி ஆள் மாறினால் போய்விடும்.

சனிக்கிழமை மாலை 3 முதல் 5.30 வரை சரியாக வரும். ஞாயிறு காலை வைத்தால் ஆராதனைக்குப் போகிற பிள்ளைகள் விடுபடுவார்கள். மேலப்பாளையம் மாதிரி இடத்தில் தொழுகை நேரத்தைக் கேட்டுவிட்டு நேரம் வைக்க வேண்டும். இருட்டுமுன் வீடு சேர முடியாத நேரத்தை வைத்துவிட்டு, பெண் பிள்ளைகள் வருவதில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் முடிக்கும் நேரத்தை வைக்க வேண்டும். எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கிற பயிற்சி என்று எதுவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

சாமான்களுக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளலாம்: பறை இரண்டு, டோலக் ஒன்று, 61 கட்டை உள்ள கீபோர்டு ஒன்று, சாதாரண டைனமிக் மைக் இரண்டு, ஒரு ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கர், மைக்கைப் போனோடு இணைக்க இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், வயர் உள்ள ஹெட்போன் இரண்டு, ஸ்டாண்டு, கேபிள். பழைய ஆண்ட்ராய்டு போன் யாரிடமாவது கிடைக்கும். நன்கொடை கொடுப்பவர்கள் சாமானுக்குத்தான் கொடுக்க விரும்புவார்கள், தங்கள் பெயரை அதில் ஒட்டலாம் என்பதால். ஆனால் ஒரு வருடக் கணக்கு போட்டால் சாமானைவிட ஆளுக்குத்தான் அதிகம் வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவருக்கு மாதாமாதம் பணம் போகவில்லை என்றால் ஐந்தாவது மாதம் கீபோர்டு பீரோவுக்குள் போய்விடும். அந்த பீரோச் சாவி இரண்டு இருக்கட்டும். இரண்டும் வெவ்வேறு தெருப் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

பறையைக் காய்ச்சுவது

இந்த மண்ணில் கருவிக்கும் சாதி இருக்கிறது. யார் பறை அடிப்பார்கள், யார் நாதஸ்வரம் ஊதுவார்கள், யார் மகுடம் கொட்டுவார்கள் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டதுபோல் நடந்துவருகிறது. கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் அந்தப் பழைய முத்திரை இல்லை, ஆனால் விலை இருக்கிறது. அதனால் அவை வேறு விதமாகப் பிரிக்கும். எல்லாக் கருவியையும் நடுவில் வைத்து “யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க” என்றால் பத்தே நிமிடத்தில் ஊர் எப்படி இருக்கிறதோ அப்படியே குழுவும் உட்கார்ந்துவிடும்.

எனவே முதல் நாள் கருவியே வேண்டாம். கைதட்டல், தொடைத் தட்டல், பெஞ்சு. அதற்கு அடுத்த வாரம் எல்லோருக்கும் பறை. அதையும் காய்ச்சுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெளியே மண் தரையில் வைக்கோலோ காய்ந்த ஓலையோ கொஞ்சமாகக் கொளுத்த வேண்டும். தோல் பக்கம் தீயைப் பார்க்கும்படி, தீயிலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மட்டும் இறுகி, விளிம்போரம் கீறிவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை விலக்கி விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். முதலில் ஈரச்சாக்கைத் தட்டியது மாதிரி ‘தொப்’ என்று கேட்கும். பிறகு ஒலி மேலே ஏறும். ‘டிங்’ என்று ஒரு கூர்மை வந்து, சுண்டிய பிறகும் ஓசை சற்று நேரம் நின்றால் எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தோல் போய்விடும். அடிக்க அடிக்கத் தளரும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தீ மூட்ட இடமில்லாவிட்டால் குண்டு பல்பின் சூட்டில் வைத்தும் ஒப்பேற்றலாம், ஆனால் நேரம் பிடிக்கும்.

இதைச் சொல்லிக்கொடுக்க அந்தக் கலையில் ஊறிய ஒரு மூத்தவரைத்தான் அழைக்க வேண்டும். அவருக்கு நாற்காலி, மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளம், ‘வாத்தியார்’ என்ற அழைப்பு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிற பழக்கம் அவருக்கு இருந்தால், அந்த நாற்காலியில் அவரை உட்கார வைப்பதுதான் அன்றைய முதல் பாடம். இடக்கையில் நீண்ட மெல்லிய மூங்கில் சிம்பு, வலக்கையில் குட்டைக் குச்சி. சிம்பு தோலோடு ஒட்டிப் படிய வேண்டும், குத்தக் கூடாது. குத்துகிறவர்களின் மணிக்கட்டு இரண்டே நாளில் வலிக்கும்.

இங்கே இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று எல்லோரும் எதிர்பார்ப்பது. “எங்க புள்ள கையில அதக் குடுத்தியளாமே” என்று ஒரு வீட்டிலிருந்து ஆள் வரும். மறைத்து நடத்தினால் இந்தக் கேள்வி பத்து மடங்காகத் திரும்பி வரும். சேர்க்கும்போதே பெற்றோரைக் கூப்பிட்டு, எல்லாக் கருவியையும் எல்லோரும் வாசிப்பார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும், கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கலாம்.

இரண்டாவது தவறு நல்லெண்ணத்தில் நடப்பது, அதனாலேயே அதிகம் காயப்படுத்துவது. பறை அடிக்கிற குடும்பத்துப் பையனைப் பார்த்து, “ஏலே, ஒனக்கென்ன, ரத்தத்துலயே இருக்கு, நீ அடி” என்று பாராட்டுவார்கள். அவன் அந்த ரத்தக் கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் இங்கே வந்திருக்கிறான். கருவிகளைப் பிரித்துக் கொடுக்கும்போது அவனுக்கு முதலில் கீபோர்டைக் கொடுக்க வேண்டும். பறை அவனுக்கு வேண்டுமென்றால் அவனே பிறகு வந்து எடுத்துக்கொள்வான். அப்படி எடுக்கும்போது அது அவனுடைய முடிவாக இருக்கும்.

அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒரு கருவி, பிறகு கை மாற வேண்டும். மேடை நெருங்கும்போது, யாருக்கு எது நன்றாக வருகிறதோ அதிலேயே நிறுத்திவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். நியாயம்தான். மேடைக்கு முந்தைய ஆறு வாரம் அப்படி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நிகழ்ச்சியில் ஒரு பாட்டாவது இடம் மாறி வாசிப்பதாக இருக்க வேண்டும். அந்த ஒரு பாட்டு கொஞ்சம் தடுமாறும். ஊர் பார்க்க வேண்டியதும் அந்தப் பாட்டைத்தான்.

எழுதுவது

தாளத்திலிருந்து தொடங்குவது நல்லது. நையாண்டி மேளத்தின் வேகமான நடைகள் பல மூன்று மூன்றாக ஓடும்: தகிட தகிட. இணையத்தில் கிடைக்கிற ராப் தாளங்கள் பெரும்பாலும் நான்கு நான்காக: தகதிமி. பிள்ளைகள் இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள், ஆனால் ஒன்றின் மேல் மற்றொன்றை வைக்கும்போது வழுக்கும். பன்னிரண்டு தட்டை எண்ணச் சொல்லி, பாதிப் பேர் மூன்றுக்கு ஒருமுறையும் பாதிப் பேர் நான்குக்கு ஒருமுறையும் அழுத்தித் தட்டினால் பதின்மூன்றில் இருவரும் சேர்ந்து விழுவார்கள். அந்தச் சேருமிடம் கிடைத்த அன்றைக்கு அவர்கள் வகுப்பை விட்டுப் போக மனமில்லாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு சொல். முதலில் எழுதச் சொன்னால் பையன்கள் அருவாளைத்தான் எழுதுவார்கள். கேட்டு வளர்ந்தது அதுதான். கிழித்துப் போட்டால் அடுத்த வாரம் வேறு இடத்தில் போய்ப் பாடுவார்கள். அதை வைத்துக்கொண்டு, “சரி, மறுநாள் காலைல என்ன ஆச்சி? அவன் அம்மா என்ன செஞ்சாவ? வாய்தாவுக்குப் போக பஸ் காசு யார் குடுத்தா?” என்று கேட்க வேண்டும். இரண்டாவது பதினாறு வரி அந்தக் கேள்விகளிலிருந்து வரும். முதல் பதினாறைவிட அது நன்றாக இருப்பது எழுதியவனுக்கே தெரியும்.

தெருப் பெயர், சாதிப் பெயர், சங்கத் தலைவர் பெயர் பாட்டில் வராது என்பதைக் குழுவே முதல் மாதத்தில் பேசி எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். மேடைச் சட்டையிலும் கவனம் வேண்டும். இந்த மாவட்டத்தில் இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது யாரோ ஒருவரின் கொடி. ஒரே நிறச் சட்டை வாங்க நினைப்பவர்கள் வாங்குமுன் பிள்ளைகளிடமே கேட்டுக்கொள்ளட்டும், அவர்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படி.

சினிமாப் பாட்டும் ராப்பும் வரி முடிவில் ஒத்து ஒலிக்கிற இயைபை நம்பியே ஓடுகின்றன. வில்லுப்பாட்டும் கும்மியும் வரித் தொடக்கத்தில் வரும் எதுகை, மோனையைக் கொண்டு நடக்கும். இரண்டையும் சேர்த்தால் ராப்புக்கு நம் ஊர் நடை வந்துவிடும். ஒரு மாதிரிக்கு:

விடியக்காலம் எந்திரிச்சா வெளக்கு முன்னால தட்டு
கடையடைக்கும் நேரம் வரை கட்டு மேல கட்டு

பீடித் தட்டையும், 25 பீடி சேர்ந்த கட்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு உரை தேவையில்லை. விடிய, கடைய என்று எதுகை, விடிய, வெளக்கு என்றும் கடை, கட்டு என்றும் மோனை, கடைசியில் இயைபு. இப்போது வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வரியில் 17 உயிரொலி இருக்கிறது. ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு கூறு என்றால் மொத்தம் 16 கூறுதான். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் இந்த வரியை ஒரே பாருக்குள் திணித்தால் நாக்கு புரளும், சொல் கேட்காது. இரண்டு பாரில் விட்டால் மூச்சு விடவும் இடம் கிடைக்கும். புதிதாக எழுதுகிற எல்லோரும் செய்கிற தவறு இந்தத் திணிப்புதான். ஒரு பாருக்கு பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி வைக்கலாம். மூச்சு எடுக்கும் இடத்தைத் தாளில் சிவப்புக் கோடாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 90 வேகத்தில் 16 பார் என்பது ஏறக்குறைய 43 வினாடி. ஒரு பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிட அது தாராளம்.

பாடுகிறவர்களுக்குச் சுருதி முக்கியம். 12 முதல் 15 வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, நிலைக்கச் சில மாதங்கள் ஆகும். அப்போது சினிமாவில் கேட்ட சுருதியிலேயே கத்திப் பாட வைத்தால் தொண்டை கட்டும், அவமானத்தில் பாட்டையே விட்டுவிடுவான். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் எதற்கு இருக்கிறது? பையன்களுக்கு 1 கட்டை, பெண்களுக்கு 5, 5½ கட்டை என்று தொடங்கி, ஆளுக்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். குரல் உடைகிற மாதங்களில் அந்தப் பையன் ராப் செய்யட்டும், பறை அடிக்கட்டும்.

பதிவு

பள்ளி வகுப்பறையில் சிமெண்ட் சுவர் எதிரொலிக்கும். பாயைத் தொங்கவிட்டால் போதாது, அது மெல்லியது. பஞ்சு மெத்தையோ மடித்த ஜமுக்காளமோ பாடுகிறவரின் முதுகுப் பக்கமும் இரு பக்கமும் வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண், மைக் வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுச் சாய்வாக. ‘ப’ வரும் சொற்களில் காற்று மோதுவது இதில் குறையும். அளவுக் காட்டியில் மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டிச் சிவப்பு எரிந்தால் அந்தப் பதிவைப் பிறகு எதுவும் காப்பாற்றாது. போனில் பேண்ட்லேப் செயலி இலவசம், தொடக்கத்துக்கு அதுவே போதும். போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும்.

ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் கூடவே கூடாது. அதில் ஒலி தாமதமாக வந்து சேரும். பிள்ளை தாளத்தில் சரியாகத்தான் பாடியிருப்பாள், பதிவில் எல்லாமே பின்தங்கி நிற்கும். தனக்குத் தாளம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். இருநூறு ரூபாய் வயர் இயர்போன் இந்தத் துக்கத்தைத் தடுக்கும்.

மின்விசிறியை நிறுத்தித்தான் பதிவு செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் இது நடக்காது. காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது மயில் அகவும். மயிலை ஒன்றும் செய்ய முடியாது, இரண்டு முறை கூடுதலாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான். தன் குரலை முதன்முறை கேட்கும் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். மண்டையோட்டு எலும்பு வழியாகக் கேட்டுப் பழகிய குரலுக்கும் வெளியே கேட்கும் குரலுக்கும் உள்ள வித்தியாசம் அது. இதை முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் முதல் பதிவைப் போட்டுக்காட்டவும் கூடாது.

சிறிய அறையில் பறையும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தால் சத்தம் 100 டெசிபலை எளிதில் தொடும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பாதுகாப்புக் கணக்கு. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். முடிந்தவரை பறையைத் திறந்த வெளியில் அடிக்க வேண்டும், உள்ளே என்றால் காதடைப்பான் வேண்டும். சாமான்களைத் தரையில் வைக்கவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யாருடைய பாட்டு

இணையத்தில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் தாளங்களில் பல, லாப நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். பாட்டு நன்றாக ஓடினால் அன்றைக்குத்தான் பிரச்சினை வரும். சினிமாக் கரோக்கி மேல் பாடிப் போட்டால் யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமை கோரும். பறை, டோலக், பெஞ்சுத் தட்டல் எல்லாவற்றையும் தாங்களே பதிவு செய்து வெட்டி ஒட்டித் தாளம் செய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை, ஓசையும் வேறு யாரிடமும் இருக்காது.

பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் யார் எழுதினார்கள், யார் மெட்டு போட்டார்கள், யார் வாசித்தார்கள், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, ஆகவே பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, பாட்டை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த பிறகும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வாங்க முடியாது. “மொத்தமா பத்தாயிரம் வச்சிக்கோ தம்பி” என்று யாராவது வரும்போது பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எழுதுகிறவர்கள், ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். சேனல் எந்த ஒரு பெரியவரின் சொந்தக் கணக்கிலும் இருக்கக் கூடாது. முகம் காட்ட விரும்பாத பெண் பிள்ளைகளுக்கு ஓவிய அட்டையோடு ஒலி மட்டும் போதும். கருத்துப் பகுதியை மூடிவிடுவதே நல்லது.

முதல் மேடையாகக் கொடையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தப் பந்தலில் யார் ஏறலாம் என்பது ஏற்கெனவே முடிவானது. குழுவில் பாதிப் பேர் கீழே நிற்க நேர்ந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண். பள்ளி ஆண்டு விழா, நவம்பரில் வரும் நூலக வார விழா, பள்ளிகளின் கலைத் திருவிழா, பொருநை நெல்லை புத்தகத் திருவிழா போன்றவை பொது இடங்கள். கொடைக்குப் போவதாக இருந்தால் முழுக் குழுவும் மேடையில் என்று பேசி முடித்த பிறகே முன்பணம் வாங்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு என்பதால் நேரத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிழைப்பு பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் பாடகராகப் பிழைப்பதே அபூர்வம். ஆனால் சவுண்ட் சர்வீஸ், கச்சேரிக் குழுவுக்கு பேட் வாசிப்பது, ஒலிப்பதிவு, வீடியோ எடிட்டிங் எல்லாம் வருடம் முழுக்க ஆள் தேடுகிற வேலைகள். மைக் கேபிள் பற்றவைக்க ஒரு மாலை ஒதுக்கினால் போதும்: மூன்று ஊசி உள்ள எக்ஸ்எல்ஆர் முனையில் 1 தரை, 2, 3 ஒலி, இரண்டு முனையிலும் ஒரே வரிசை. 2-ம் 3-ம் ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒற்றை மைக்கில் வித்தியாசம் தெரியாது, இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது குரல் மெலிந்து காணாமல் போகும். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு எந்த சவுண்ட் செட்காரரும் வேலை கொடுப்பார். பத்தாம் வகுப்பை விட்டவர்களுக்குத் தனித்தேர்வர் விண்ணப்பம் எப்போது வருகிறது என்பதைக் குழுவில் ஒருவர் கவனித்துச் சொல்ல வேண்டும். மார்க் குறைந்தால் பாட்டு கிடையாது என்ற தண்டனை மட்டும் வேண்டாம். அவர்கள் வந்துகொண்டிருக்கிற ஒரே இடத்தை அதனால் இழப்பார்கள்.

வருட முடிவில் எத்தனை பார்வைகள் வந்தன என்று கேட்பதைவிட, யார் நின்றுபோனார்கள் என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். நின்றவரை வரச்சொல்லி ஆள் அனுப்பாமல் நேரில் போக வேண்டும். பெரும்பாலும் பஸ் நேரம் மாறியிருக்கும், ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பான், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. சில சமயம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். பதினெட்டு ஆகவில்லை என்றால் 1098. ஒரே தெருப் பிள்ளைகள் மூன்று பேர் அடுத்தடுத்து நின்றிருந்தால் குழுவுக்குள் ஏதோ நடந்திருக்கிறது, அதைக் கேட்டறியாமல் புது வருடம் தொடங்கக் கூடாது. ஜூனில் பள்ளி திறந்து புதியவர்கள் சேரும்போது, முதல் மாதம் பறை காய்ச்சவும் எண்ணித் தட்டவும் சொல்லிக்கொடுப்பது பழைய பிள்ளைகளாக இருக்கட்டும். சொல்லிக்கொடுக்கிறவர் எந்தத் தெரு, கற்கிறவர் எந்தத் தெரு என்று பார்த்து ஜோடி மாற்றிப் போட வேண்டும். அந்த மாதத்துக்கு அவர்களுக்கும் சம்பளம் உண்டு. தொகை சிறியதானாலும் வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.